‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’: தேவ பராமரிப்பும் நம்முடைய ஊழியமும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை வரைக்கும் எந்தச் சபைக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழும். தமிழில் “கர்த்தர் பார்த்துக்கொள்வார்”, தெலுங்கில் “தேவுடே சூசுகுண்டாடு”. பிள்ளைக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வழி தெரியாத அம்மா கண்ணீரோடு அதைச் சொல்வார். சம்பளம் இல்லாமல் ஊழியத்துக்குப் புறப்படும் வாலிபன் உற்சாகத்தோடு சொல்வான். அந்த வாலிபனுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு வரும்போது கமிட்டியில் ஒருவர் கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டே சொல்வார். மூன்று பேர் வாயிலும் ஒரே பேச்சுதான், ஆனால் மூன்றும் ஒரே விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் உபதேசத்துக்குத் தேவ பராமரிப்பு என்று பெயர். கத்தோலிக்க நண்பர்கள் இறைப் பராமரிப்பு என்பார்கள். புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்களும், வாலிபர் கூட்டத்தில் “மிஷன் ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுக்கிறேன்” என்று கை தூக்கியவர்களும் இதை ஆரம்பத்திலேயே நிதானமாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் சோம்பலில் விழுகிறார்கள், இல்லாவிட்டால் அடுத்தவன் துயரத்தைப் பார்த்தும் மனம் இளகாதவர்களாகிவிடுகிறார்கள். சரியாகப் புரிந்துகொண்டவர்கள் பதற்றம் இல்லாமல் உழைக்கிறார்கள்.

முதலில் அடிப்படை. தேவன் உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்கிப்போய்விடவில்லை. படைத்ததை இந்த நிமிஷம்வரை தாங்குகிறார். தம்முடைய நோக்கத்தை நோக்கி அதை நடத்துகிறார். அப்படி நடத்தும்போது மழை, மண், மனிதர், அரசாங்கம், மருத்துவர் என்று தாம் படைத்தவற்றையே வழியாகப் பயன்படுத்துகிறார். தாங்குவது, நடத்துவது, வழிகளைப் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் சேர்ந்ததைத்தான் பராமரிப்பு என்கிறோம். சீர்திருத்த சபைகள் உபதேசம் கற்பிக்கப் பயன்படுத்தும், 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடையின் 27-ஆம் கேள்வி இதைப் பற்றியது. மழையும் வறட்சியும், விளைந்த ஆண்டும் விளையாத ஆண்டும், ஆரோக்கியமும் நோயும், செல்வமும் வறுமையும் தற்செயலாக வருவதில்லை, எல்லாம் தகப்பனுடைய கையிலிருந்தே வருகின்றன என்பது அங்கே தரப்படும் பதிலின் சாரம். இந்த வினாவிடை நம் எல்லைப்பகுதிக்கு அந்நியமானது இல்லை. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வேலூர், சித்தூர் பக்கமெல்லாம் சபைகளை நட்டது. அவர்களை அனுப்பிய அமெரிக்க சபை இதைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிற சபை.

“தலையில் எழுதினதை யாரால் மாற்ற முடியும்” என்று சொல்லி ஓய்ந்துவிடுவது நம் ஊரில் பழகிப்போன பேச்சு. சபைக்குள் வந்த பிறகும் பலர் அந்தப் பழைய எண்ணத்துக்கே ‘தேவ சித்தம்’ என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. தலையெழுத்துக்கு முகம் கிடையாது. அதன் முன்னால் முழங்கால்படியிட முடியாது, அழ முடியாது, ஏன் என்று கேட்கவும் முடியாது. தகப்பனிடம் கேட்கலாம். சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் “எதுவரைக்கும் கர்த்தாவே” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அப்படிக் கேட்டவர்களை வேதம் அவிசுவாசிகள் என்று தள்ளவில்லை.

மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் வரும் அடைக்கலான் குருவி வசனம் எல்லோருக்கும் தெரியும். பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் தரையில் விழாது, உங்கள் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று இயேசு சொன்னார். அதை ஆறுதல் வசனமாகக் காலண்டரில் பார்த்தே பழகிவிட்டதால், எந்த இடத்தில் சொன்னார் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பன்னிரண்டு சீஷர்களை ஊர் ஊராக அனுப்பும்போது சொன்னது அது. ஆடுகளை ஓநாய்களுக்குள்ளே அனுப்புகிறதுபோல அனுப்புகிறேன், உங்களை ஆலோசனைச் சங்கங்களுக்கு ஒப்புக்கொடுப்பார்கள் என்றெல்லாம் எச்சரித்துவிட்டு, அதற்குப் பிறகு குருவியைப் பற்றிப் பேசுகிறார். குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை. விழுந்தாலும் பிதாவின் கைக்கு வெளியே விழாது என்றார். ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு இயேசு கொடுத்த உறுதி இவ்வளவுதான், இதற்கு மேல் பத்திரத்தை அவர் வாக்குப்பண்ணவில்லை. பராமரிப்பு என்ற உபதேசம் பிறந்த இடமே ஊழியப் பாதை என்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

வாக்குத்தத்தமும் வழியும்

இதற்கு வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அப்போஸ்தலர் 27. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பல் புயலில் சிக்கிக்கொள்கிறது. கப்பலில் 276 பேர். இரவில் தேவதூதன் வந்து, உன்னோடே யாத்திரைபண்ணுகிற அத்தனை பேரையும் தேவன் உனக்குத் தந்தருளினார் என்று சொல்கிறான். உயிர்ச்சேதம் வராது என்பது உறுதியாகிவிட்டது. பவுலும் அதை எல்லோருக்கும் அறிவிக்கிறார்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். கரை நெருங்கும்போது கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்கிறார். சேவகர்கள் படகின் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். விடியற்காலையில், பதினாலு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறீர்கள், சாப்பிடுங்கள் என்று பவுலே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணிப் பிட்டு, முதலில் தான் சாப்பிடுகிறார். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள்.

தேவன் ஏற்கெனவே உறுதி கொடுத்துவிட்டாரே, கப்பலாட்கள் போனால் என்ன, இருந்தால் என்ன என்று பவுல் சும்மா இருக்கவில்லை. முடிவைத் தீர்மானித்த தேவன் அந்த முடிவுக்குப் போகும் வழியையும் தீர்மானித்திருக்கிறார், அந்த வழியில் கப்பலோட்டத் தெரிந்தவனுடைய கையும் அப்பத்துண்டும் உடைந்த பலகையும் இருக்கின்றன. பராமரிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

பழவேற்காடு ஏரியில் தொழில் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைந்துபோகும். அடைந்துவிட்டால் கடல்தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது, மீன் வராது. அப்போது ஊர்க்காரர்கள் கூடி மணலை வெட்டி வழி எடுத்துவிடுவார்கள். வெட்டுவது அவர்கள் வேலை. ஓதத்தை வரவழைப்பது எந்த ஊர்க்கூட்டத்தாலும் ஆகாது. ஓதம் கடவுள் விட்டபடி வரும் என்று சொல்லி மண்வெட்டியை வீட்டில் வைத்தவனும் இல்லை, வெட்டிய கையே ஓதத்தைக் கொண்டுவந்தது என்று நினைப்பவனும் அங்கே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு விசுவாசமும் உண்டு. தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்று, கீழே குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று சங்கீதம் 91-ஐ எடுத்துக் காட்டியது பிசாசு. பராமரிப்பைப் பற்றிய ஒரு நல்ல வசனத்தை வைத்தே சோதித்தான். தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்தார். சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல்லத் துடிக்கும் சகோதரர்களையும், ஹெல்மெட் இல்லாமல் தேசிய நெடுஞ்சாலையில் கூட்டத்துக்குப் பறக்கும் தம்பிகளையும் பார்க்கும்போது எனக்கு அந்த உப்பரிகைதான் நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கால்வாய் வெட்டிய மிஷனரி

நம் ஊர் வழியாகப் போகும் பக்கிங்காம் கால்வாய் இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரையும் சேறுமாகக் கிடக்கிறது. அந்தக் கால்வாய்க்கும் தெலுங்கு நாட்டுச் சபைக்கும் உள்ள தொடர்பைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் 1840-இல் நெல்லூரில் காலூன்றியது. ஆண்டுகள் போயின, விசுவாசிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பணம் செலவாகிறது, பலன் இல்லை, மூடிவிடலாம் என்று அமெரிக்காவில் ஒருமுறைக்கு மேல் யோசித்தார்கள். 1853-இலும் அந்தப் பேச்சு வந்தது. மிஷன் வரைபடத்தில் அந்தப் பக்கத்தில் நெல்லூர் ஒற்றைப் புள்ளியாக இருந்ததால் அதை ஒற்றை நட்சத்திரம் என்றார்கள். அந்தப் பெயரே பிறகு மிஷனுக்கு நிலைத்துவிட்டது. 1854 ஜனவரி 1-ஆம் தேதி அதிகாலையில் லைமன் ஜுவெட் என்ற மிஷனரியும் அவர் மனைவியும் மூன்று இந்திய விசுவாசிகளும் ஒங்கோலில் ஒரு குன்றின்மேல் ஏறி, இந்த ஊருக்கு ஒரு ஊழியரை அனுப்பும் என்று ஜெபித்தார்கள். ஜெபத்துக்கு உடனே பதில் வரவில்லை. ஜான் கிளாஃப் ஒங்கோலில் குடியேறியது 1866-இல். அங்கே சபை அமைந்தது 1867 ஜனவரி 1-இல், எட்டுப் பேரோடு.

கிளாஃப் ஊழியத்துக்கு வருமுன் அமெரிக்காவில் நிலம் அளக்கும் வேலை பார்த்தவர். வேதாகமக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பஞ்சம் விழுங்கியபோது அந்தப் பழைய தொழில்தான் உதவிக்கு வந்தது. அரசாங்கம் நிவாரண வேலையாகக் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தது. கிளாஃப் அதில் மூன்றரை மைல் நீளத்தை ஒப்பந்தமாக எடுத்தார். அளவு போட்டார், ஆட்களைச் சேர்த்தார், குடிசைகள் போட்டார், கூலி கொடுத்தார். அவருடைய இந்திய ஊழியர்கள் மேஸ்திரிகளாக நின்றார்கள். மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் மாதிகர் என்ற சாதியார். ஊர் அவர்களைத் தொடக் கூசிய காலம் அது. ஓய்வு நேரத்தில் அந்த ஊழியர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள்.

பலர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். கிளாஃப் கொடுக்கவில்லை. நிவாரண வேலை நடந்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் முழுவதும் மறுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சுக்கும் இடம் வைக்கவில்லை, அப்படி வர வேண்டிய நெருக்கடியையும் அவர்கள்மேல் சுமத்தவில்லை. நிவாரண வேலை முடிந்து, கையில் கொடுக்கக் காசு இல்லை என்று ஆன பிறகும் கூட்டம் வந்தது. 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர்கள் ஆறு இந்தியப் போதகர்கள்.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லும்போது எல்லோரும் அந்த 2,222-இல் போய் நின்றுவிடுகிறார்கள். என் மனம் நிற்பது அதற்கு முந்தின ஓராண்டில். தேவன் தம்முடைய ஜனத்தைத் தாமே சேர்ப்பார் என்று நம்புகிற மனுஷனுக்குத்தான் பசியோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லத் துணிவு வரும். கூலியைக் கொடுத்துக்கொண்டே அதைச் சொல்ல முடிந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். தன் ஊழியத்தின் பலன் தன் சாமர்த்தியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறவன் எந்தச் சந்தர்ப்பத்தையும் விடமாட்டான். அரிசி மூட்டையைக் காட்டுவான், பயமுறுத்துவான், வந்த தலைகளைக் கூட்டி எழுதுவான். பராமரிப்பை நம்புவது ஊழியத்தின் கையைச் சுத்தமாக வைக்கிறது. இன்று நம் ஊழியத்தைப் பற்றி வெளியே சந்தேகம் பேசப்படும் காலத்தில் இது இன்னும் முக்கியம்.

அப்படியானால் பஞ்சத்தை அனுப்பியது யார்?

புத்தியுள்ள எவரும் கேட்கும் கேள்வி இது. வாலிபர்கள் கேட்டால் அதட்டாதீர்கள். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில் என்று சொன்னாலும் குறைவு. சபை வளரத் தேவன் அவர்களைக் கொன்றாரா?

இதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை, யாராவது சுருக்கமான பதில் வைத்திருந்தால் அவரை நம்பவும் மாட்டேன். ஆனால் சில காரியங்களைத் தெளிவாகச் சொல்ல முடியும். மழை பொய்த்தது இயற்கை. அதன் பிறகு நடந்த பலவற்றுக்கு மனிதர் பொறுப்பு. ஜனங்கள் சாகும்போதே தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நிவாரண வேலையில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் மண் சுமக்கிற உடம்புக்கு அது போதாது. ‘எல்லாம் தேவ பராமரிப்பு’ என்று சொல்லி இந்தக் குற்றத்தைக் கழுவிவிட முடியாது. யோசேப்பை விற்ற சகோதரர்கள் செய்தது தீமை என்பதை, அதைத் தேவன் நன்மையாக முடித்த பிறகும் வேதம் தீமை என்றே எழுதுகிறது.

யோசேப்பின் வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்.” ஆதியாகமம் 50:20. இதைச் சொன்னது யார்? குழியில் தள்ளப்பட்டவர், விற்கப்பட்டவர், சிறையில் கிடந்தவர். எப்போது சொன்னார்? எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து. சகோதரர்கள் குழியின் விளிம்பில் நின்று, “தம்பி, இதுவும் நன்மைக்குத்தான்” என்று எட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது எவ்வளவு கொடுமை! ஆனால் துக்க வீடுகளில் நம்மில் சிலர் அதைத்தான் செய்கிறோம். ஏரியில் படகு கவிழ்ந்து மகனைப் பறிகொடுத்த தாயிடம், பெட்டி எடுக்கும் முன்பே, “இதிலயும் கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கும்மா” என்று சொல்கிறோம். ரோமர் 8:28 உண்மைதான். அதே நிருபத்தில் 12:15-இல், அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் எழுதியிருக்கிறது. துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது 12:15 போதும். 8:28-ஐ அந்தத் தாய் என்றாவது தன் வாயால் சொன்னால் கூட உட்கார்ந்து ஆமென் சொல்லலாம்.

வேலூர் மருத்துவக் கல்லூரியின் கதையிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் சொன்னதால். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர், மிஷனரியே ஆகமாட்டேன் என்று இருந்தவர், மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் திரும்பி வந்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஐடாவை அழைக்க அந்த மூன்று பேரும் பலியானார்கள் என்று பிரசங்கம்பண்ணக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அந்த மூவரும் தேவனுக்கு விலையேறப்பெற்றவர்கள், ஐடாவின் கதைக்கு முன்னுரை எழுத வந்தவர்கள் இல்லை. அந்தச் சாவுகளைக் கண்டவர் சும்மா இருக்க முடியாதபடி தேவன் அவர் இருதயத்தில் கிரியை செய்தார் என்று சொல்லலாம். “மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்” என்று உபாகமம் 29:29 சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

நம்முடைய நாளில் இது எப்படி இருக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். எங்கள் சபையில் ஓர் அக்கா இருக்கிறார், தெலுங்கு வீட்டில் பிறந்து தமிழ் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். மெஷினில் விரல் நசுங்கிய ஒடியாப் பையன் ஒருவனோடு ஆஸ்பத்திரி வரிசையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். கையில் அவனுடைய ஆதார் ஜெராக்ஸ், இஎஸ்ஐ நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு, ஒரு தூக்கில் ரசஞ்சோறு. அவருக்கு ஒடியா தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. “கானா காயா?” என்ற இரண்டு இந்தி வார்த்தைகளில் அவர்கள் பேச்சு ஓடியது. கட்டுப்போட்ட கையால் சாப்பிட முடியாததால் அவரே உருட்டி ஊட்டினார்.

பார்க்கப் போயிருந்த வாலிபன் ஒருவன் கேட்டான்: “ஏன்க்கா, ஒரு கைப்பிரதியாவது கொடுத்திருக்கலாமே?”

“அவன் வலியில இருக்கான்ப்பா. என்னைக்காவது ஏன் வந்தீங்கன்னு கேப்பான், அப்ப சொல்லுவேன். கேக்குற வரைக்கும் கர்த்தர் அவன்கிட்ட பேசாமயா இருப்பாரு?”

சுவிசேஷம் சொல்ல வேண்டாம் என்று அந்த அக்கா நினைக்கவில்லை. ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாக அவர் பாடம் நடத்துவதைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். அந்தப் பையனுடைய ஆத்துமா தன் ஒருத்தியின் பேச்சில் தொங்கவில்லை என்று அவர் நம்புகிறார். அதனால்தான் அவசரப்படாமல் சோறு ஊட்ட முடிகிறது. கொரிந்து பட்டணத்தில் பயந்துகொண்டிருந்த பவுலுக்கு, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு என்று கர்த்தர் சொன்னார். பவுல் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் கர்த்தருக்குத் தெரிந்தவர்கள். அந்த வார்த்தையைக் கேட்ட பவுல் ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கி உபதேசித்தார்.

எங்கே போவது, எதைத் தொடங்குவது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று புதியவர்கள் கேட்பார்கள். அப்போஸ்தலர் 16-இல் பவுலுக்கே ஆசியா மூடியது, பித்தினியா மூடியது, பிறகுதான் மக்கெதோனியா திறந்தது. கதவு மூடினால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கையில் இருக்கும் கடமையைச் செய்துகொண்டே, சபை மூத்தவர்களிடம் கேட்டு, ஜெபித்து, அடுத்த அடி எடுத்து வையுங்கள். அடையாளங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பணம்

இதைப் பேசாமல் முடித்தால் முதலில் சொன்ன கமிட்டிக்காரரைத் தப்பவிட்டதாக ஆகும்.

விசுவாச ஊழியம் என்றால் உடனே ஜார்ஜ் முல்லரைச் சொல்வோம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836-இல் அநாதை இல்லம் தொடங்கி, யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபித்தே 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தவர். உண்மை. அவர் வரவையும் செலவையும் நுணுக்கமாக எழுதி, ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய முறை எல்லோருக்கும் கட்டளையும் இல்லை. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் வெளிப்படையாகவே காணிக்கை கேட்டார், 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் முழுக்க அதுதான். தேவைப்பட்ட இடத்தில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டார்.

“என் தேவன்... உங்கள் குறைவையெல்லாம்... நிறைவாக்குவார்” என்ற பிலிப்பியர் 4:19-ஐ நம் சபைகளில் சொல்லாத வாரமில்லை. அதைப் பவுல் எழுதியது சிறையிலிருந்து. யாருக்கு எழுதினார்? தன் தேவைக்குத் திரும்பத் திரும்பப் பணம் அனுப்பிய சபைக்கு. அந்த உதவியைச் சுமந்து வந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்தான் என்று அதே நிருபம் சொல்கிறது. கையை இறுக மூடிக்கொண்ட சபை அந்த வசனத்தை எடுத்துத் தன் ஊழியக்காரனுக்கு ஆசீர்வாதமாகச் சொல்வது நியாயமில்லை. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று மட்டும் சொன்னால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிறார். நம்முடைய ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ சில கமிட்டிகளில் அந்தப் பேச்சாகவே மாறிவிட்டது. ஊழியருடைய மனைவி ரேஷன் அரிசியைக் கல் பொறுக்கிக்கொண்டே எந்தப் பிள்ளையின் ஃபீஸை முதலில் கட்டுவது என்று கணக்குப் போடுகிறார். ஜெபக்கூட்டத்தில் அவர் அதைச் சொல்லமாட்டார். கர்த்தர் பார்த்துக்கொள்ள நியமித்த வழி ஒருவேளை நம் பர்ஸாக இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தியோகியா சபை பர்னபாவையும் பவுலையும் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்தபோது சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்தவைகளையெல்லாம் அறிவித்தார்கள். அனுப்பிய சபைக்கும் போனவர்களுக்கும் உறவு அறுந்துபோகவில்லை. ஆகவே, உங்கள் சபையிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ சத்யவேடு பக்கமோ நாகலாபுரம் பக்கமோ ஊழியத்துக்குப் போகிறேன் என்றால், கை வைத்து ஜெபிக்கும் முன் மினிட்ஸ் புத்தகத்தில் சிலவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டு வாடகை மாதம் எந்தத் தேதியில் யார் அனுப்புவது, மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியம் யார் பொறுப்பு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எங்கே, தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் யாரிடம் கற்பது, வாரம் ஒருமுறை போன் செய்து “எப்படி இருக்கீங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க” என்று விசாரிப்பது யார், ஒரு வருஷம் கழித்து வேலை நடக்கவில்லை என்றால் வெட்கப்படுத்தாமல் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வது எப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதி, பெயருக்கு உரியவர் கையெழுத்தும் போட்ட பிறகு முழங்கால்படியிட்டு ஜெபித்து அனுப்புங்கள்.